லேசரின் கீழே ஒரு சதுரம்

எதையும் நாள், நேரத்தோடு எழுதிவைப்பவன் நான். அந்தச் செவ்வாய்க்கிழமை, தூத்துக்குடி ஆய்வகத்தைப் பார்க்கப் போயிருந்த எனக்கு, அங்கே ஆய்வு செய்யும் மாணவி ஜெபா, முத்தைச் சுரக்கும் சிப்பிச் சவ்வைக் லேசரால் படமெடுக்கும் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் காட்டினாள். லேசர் பட்டதும் சாயமேற்றிய செல்கள் பச்சையாக ஒளிர்ந்தன.

"மிச்சம் இந்த ஒரு சிலைடுதான், அண்ணாச்சி. போன் பேசிட்டு வாரேன். படம் முடிஞ்சதும் லேசரை நிறுத்திருங்க, இல்லன்னா சாயம் போயிரும்."

படம் 10.40க்கு முடிந்தது. அதை நோட்டில் எழுதத் தொடங்கினேன். நிமிர்ந்தபோது திரை இருண்டிருந்தது. லேசர் சாயத்தை அழித்துவிட்டது. தானாக மங்கியதென்று சொல்லிவிடலாமா?

ஜெபா வந்தாள்.

"நான் நிறுத்தலம்மா. எழுதிக்கிட்டே இருந்துட்டேன்."

அவள் உருப்பெருக்கத்தைக் குறைத்தாள். பச்சைக்கு நடுவே ஒரு கறுப்புச் சதுரம்.

"நீங்க பாத்த இடம் மட்டுந்தான் போச்சு. சொல்லலேன்னா, சாயமே சரியில்லன்னு சிலைடைத் தூரப் போட்டிருப்பேன். இதையும் நோட்டுல எழுதிக்கிடுங்க!"

பார்ப்பதால் எதுவும் குறையாது என்றே அதுவரை நினைத்திருந்தேன். '10.52: லேசரை நிறுத்தாமல் விட்டேன்' என்று குறித்தேன். அதன் கீழே ஒரு சிறு கறுப்புச் சதுரமும் வரைந்தேன்.