பத்து ஷேர் முதலாளி

விருதுநகரில் ஒரு ஷேர் புரோக்கர் ஆபீசில் நான் வேலை பார்த்தபோது, மழை நாட்களில் மட்டும் ஒருவர் வருவார். சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குபவர். மழை பெய்தால் அவருக்கு வேலை கிடையாது. படியச் சீவிய தலை. நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் மினுக்கம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, "நம்ம கம்பெனி எப்படிப் போகுது சார்?" என்பார். ஒரு சிமெண்ட் ஆலையில் அவருக்குப் பத்து ஷேர் இருந்தது.

ஒருமுறை அவர் வந்த அன்று அந்த ஆலையில் ஸ்டிரைக். விலை சரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் இறங்கும். இப்பவே வித்துருங்க அண்ணாச்சி" என்றேன்.

"எதுக்கு வேலைய நிறுத்திருக்காக?"

"கூலியக் கூட்டிக் கேக்காங்க."

"அம்புட்டுத்தானா? குடுத்துர வேண்டியதுதான?"

"குடுத்தா லாபம் குறையும். உங்களுக்கு வர்றதும் குறையும்."

"குறையட்டும் சார். நாமளும் முதலாளிதான? வேலை பாக்குறவுக வயித்துல அடிக்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆலையையே நடத்துகிறவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு ஷேரைக்கூட விற்காமல் எழுந்து போனார்.

அந்த வருடத் தீபாவளிக்கு அவர் வேலை பார்த்த கம்பெனியில் யாருக்கும் போனஸ் கொடுக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.