கீசர் வாங்கின காசும் மாட்டின காசும்

கடையில கீசர் விலையைக் கேட்டுட்டு, செலவு அவ்வளவுதான்னு நினைச்சிக்கிட்டு வர்றவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனா எங்க தெருவுல முதல் கீசர் எங்க வீட்டுதுதான். யார் கேட்டாலும் சொல்லுவேன், கேக்காட்டியும் சொல்லுவேன்.

எண்பதுகள்ல நடந்தது. எங்க வீட்டுக்காரருக்கு மில்லுல வேலை. உழவர்கரைப் பக்கம் ஓட்டு வீடு, ஆனா சொந்த வீடு. ஒரே பொண்ணு. அவளை டவுனுக்குள்ள ஒரு சொல்தா வீட்ல குடுத்திருந்தோம். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு வந்து பென்ஷன் வாங்கறவங்களை எங்க ஊர்ல சொல்தான்னு சொல்லுவாங்க. நல்ல குடும்பம்தான். மாப்பிள்ளை தங்கம். சம்பந்தியம்மாதான் கொஞ்சம் உசரத்துல இருந்து பேசுவாங்க.

பொண்ணு முழுகாம இருக்கா. தலைப்பிரசவம் அம்மா வீட்லதான், நாங்க வேதக்காரங்க, கிறிஸ்தவங்கதான், இருந்தாலும் அது எங்களுக்கும் உண்டு. அதைப் பேசத்தான் ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவங்க வீட்டுக்குப் போனோம். காபி குடுத்தாங்க. குடிச்சு முடிச்சதும் சம்பந்தியம்மா ஆரம்பிச்சாங்க.

"டிசம்பர்ல பொறக்கப் போவுது. மழை, பனி. உங்க வீட்ல விறகு வெச்சுத்தானே தண்ணி காய வெப்பீங்க? பச்சப் புள்ளைக்குப் புகை ஆகுமா? இங்க ஷோஃபோ இருக்கு. குழாயைத் திருப்பினா சுடுதண்ணி. அவ இங்கயே இருக்கட்டுமே."

ஷோஃபோன்னா கீசர்தான். அவங்க வீட்ல பாதிச் சாமானுக்குப் பிரெஞ்சுலதான் பேரு.

என் பொண்ணு என்னைப் பார்த்தா. கண்ணு கலங்கி இருந்துது. யோசிக்கவே இல்லை, சொல்லிட்டேன்: "எங்க வீட்லயும் மாட்டறோம் சம்பந்தி. மாட்டிட்டு ஆள் அனுப்பறேன், வந்து பாருங்க."

வெளியில வந்ததும் எங்க வீட்டுக்காரர் சைக்கிளைப் பிடிச்சிக்கிட்டு அப்படியே நின்னுட்டார். "என்னாடி மாட்டறோம்? ஒரு தவலைத் தண்ணி காய வெக்க இவ்வளவு கூத்தா?"

"உம்ம பொண்ணு நம்ம வீட்ல புள்ளை பெறணுமா, வேணாமா?"

"பெறட்டும்."

"அப்போ சைக்கிளை மிதியும்."

எனக்குச் சீட்டுப் பணம் வந்திருந்துது. மறுநாளே கடைக்குப் போயிட்டோம். வெள்ளை வெளேர்னு பூசணிக்காய் மாதிரி சுவத்துல தொங்குது, கீழே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எங்க தெரு எலக்ட்ரீஷியனையும் கூட்டிட்டுப் போயிருந்தேன். அவன் கேட்டான், "எத்தனை பேர் குளிக்கணும்க்கா?"

"ஒரு பொம்பளையும் ஒரு கைக்கொழந்தையும்."

"சின்னதே போதும்."

"சம்பந்தி வீட்ல இருக்கறதைவிடப் பெருசா வேணும்."

"பெருசு வாங்கினா கரண்டு பில்லும் பெருசா வரும். தண்ணி காயறதுக்கும் நேரமாவும். அவங்க வந்து அளந்தா பாக்கப் போறாங்க?"

மனசில்லாமத்தான் நடுவாந்தரமா ஒண்ணு எடுத்தேன். இப்ப நினைச்சா அவன் சொன்னதுதான் சரி. எத்தனை பேர் குளிக்கறாங்களோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் வாங்கணும், கௌரவத்துக்கு வாங்கக் கூடாது.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் செலவே ஆரம்பிச்சுது. எலக்ட்ரீஷியன் மீட்டர் பொட்டியைத் திறந்து பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினான். எங்க வீட்ல இருந்தது விளக்குக்குப் போட்ட மெல்லிசு ஒயர். கீசருக்குக் கனமான ஒயர் தனியா இழுக்கணும், தனி சுவிட்ச், தனி ஃபியூஸ். கரண்டு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துக் கூடுதல் லோடு வாங்கணும். அப்புறம் எர்த்து. கொல்லையில ஒரு குழி வெட்டி, பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினான். "அடுப்பெரிக்கக் கரி, ஊறுகாய்க்கு உப்பு, கீசருக்கு ரெண்டுமா?"ன்னு நான் சிரிச்சேன். "சிரிக்காதக்கா, ஈரக் கையோட உம் பொண்ணு தொடுவா பாரு, அவ உசுருக்குத்தான் இது"ன்னான். அப்புறம் நான் சிரிக்கல. வேற எதுல மிச்சம் பிடிச்சாலும் எர்த்துல பிடிக்காதீங்க.

அடுத்தது தண்ணி. எங்களுக்குக் குழாய்த் தண்ணி காலையில கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான். கீசருக்குத் தண்ணி எப்பவும் மேலருந்து வரணுமாம். ஓட்டு மேல தொட்டி வெக்க முடியுமா? கொல்லையில செங்கல் தூண் எழுப்பி, அது மேல சிமெண்டுத் தொட்டி கட்டினோம். தொட்டியிலிருந்து குளிக்கிற அறைக்கு இரும்பு பைப்பு. கொத்தனார் கூலி, பிளம்பர் கூலி. எல்லாம் சேர்த்துப் பார்த்தா, கீசர் வாங்கின காசைவிட அதை மாட்டின காசு அதிகம்! எங்க வீட்டுக்காரர் தூணைச் சுத்திச் சுத்தி வந்தார். "இது கீசரா, மாதா கோயில் கோபுரமா?"

அவர் எப்படிப் பேசினாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கல. தெருப் பொம்பளைங்க ஆளாளுக்கு வந்து எட்டிப் பார்க்கறாங்க. ஒருத்தி கேட்டா, "இதுல சோறு வடிக்கலாமா?"

எந்தப் புதுச் சாமானா இருந்தாலும் நாங்க மந்திரிக்காம தொட மாட்டோம். சைக்கிளையே மந்திரிச்சவங்க நாங்க. எங்க மாதா கோயில் சாமியாரைச் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தேன். தொட்டிக்கு முந்தின நாள்தான் சிமெண்டு பூசியிருந்தாங்க, சாயங்காலம் குழாய் வந்ததும் தண்ணி ஏத்தலாம்னு கொத்தனார் சொல்லியிருந்தார். ஆனா சாமியார் காலையிலேயே வந்துட்டார். "சாயங்காலம் தவளக்குப்பத்துல ஒரு அடக்கம் இருக்குதும்மா. இப்பவே முடிச்சிடுவோம்"னார். நான் ஆள் அனுப்பினதுதான் தாமதம், சம்பந்தியம்மா பொண்ணோட ரிக்‌ஷாவுல வந்து இறங்கிட்டாங்க. எலக்ட்ரீஷியன் அப்பத்தான் டிபன் சாப்பிடப் போயிருந்தான்.

சாமியார் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிச்சார். கீசர் மேல முத்து முத்தா தண்ணி நின்னுது. அவருக்கும் ஆசை வந்துடுச்சு போல. "சுவிட்சை நானே போடட்டுமா?"ன்னு கேட்டார். "போடுங்க சாமி!"ன்னு நாங்க எல்லாரும் ஒரே குரல்ல சொன்னோம். போட்டார். சிவப்பு விளக்கு எரிஞ்சுதே பாருங்க, தெருவே கை தட்டிச்சு! எங்க வீட்டுக்காரர்கூட தட்டினார். தொட்டி காய்ஞ்சு கிடக்குன்னு அங்க நின்ன ஒருத்தருக்கும் ஞாபகம் வரல.

காயட்டும்னு உக்காந்து பேசிக்கிட்டு இருந்தோம். கொஞ்ச நேரத்துல ஒரு தீய்ஞ்ச வாடை. விளக்கு அணைஞ்சு போச்சு. எலக்ட்ரீஷியன் வாசல்லயே மோந்து பார்த்துட்டு உள்ளே ஓடி வந்தான். "எவன்டா அது, தண்ணியில்லாம சுவிட்சைப் போட்டது?"

சாமியார் மெதுவா, "நான்தாம்பா" அப்படின்னார்.

அவன் முகத்தைப் பார்க்கணுமே! நாக்கைக் கடிச்சிக்கிட்டுக் கீசர் பக்கம் திரும்பிட்டான். சம்பந்தியம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாங்க, சாமியாரைப் பார்த்தாங்க, மூடிக்கிட்டாங்க. இவ்வளவு செலவு பண்ணியும் பொண்ணு வர மாட்டா போலிருக்கேன்னு நிக்கறேன்.

"வெளியில தெளிச்சேன், உள்ள தண்ணி இருக்குதான்னு பாக்கலையே"ன்னார் சாமியார். அவ்வளவுதான், என் பொண்ணு வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சா. சாமியாரும் சிரிச்சார். அப்புறம் சம்பந்தியம்மா பக்கம் திரும்பினார். "பொண்ணை இங்க அனுப்பாம இருந்துடாதீங்கம்மா. சாமியார் வந்து மந்திரிச்சுத்தான் கெட்டுப் போச்சுன்னு கோயில் பங்கு சனம் முழுக்கப் பேசுவாங்க. என் மானத்தை நீங்கதான் காப்பாத்தணும்."

சம்பந்தியம்மா அவர் கிட்டே மாட்டேன்னு சொல்லுவாங்களா? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கிட்டு, "நீங்க சொன்னா சரிதான் சாமி"ன்னாங்க. கீசர் ஒழுங்கா எரிஞ்சிருந்தா வேற ஏதாவது குறை கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு நான் சத்தியம் பண்ணுவேன். சமையக்கட்டுக்குள்ள போய், யாருக்கும் தெரியாம ஒரு குதி குதிச்சேன்.

உள்ளே தண்ணியைச் சூடாக்கற காயில் கருகிப் போயிருந்துது, அதை மாத்தினோம். கடைக்காரர் அதுக்குத் தனியா காசு வாங்கிட்டார். தண்ணியில்லாம போட்டது அவர் பொறுப்பில்லையாம், நியாயம்தான். முதல்ல குழாயைத் திறந்து தண்ணி கொட்டுதான்னு பாருங்க, அப்புறம் சுவிட்சைத் தொடுங்க. யார் வீட்டுக்கு வந்திருந்தாலும் சரி.

நவம்பர் மழையில பொண்ணு ரிக்‌ஷாவுல வந்தா. பொட்டியை வாசல்லயே வெச்சுட்டு, நனைஞ்ச தலையோட நேரா குளிக்கிற அறைக்குத்தான் போனா. நான் சுவிட்சைப் போட்டுட்டுக் கதவுக்கு வெளியில காத்துக்கிட்டு நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுக் குழாயைத் திருப்பற சத்தம்.

"அம்மா! சுடுதும்மா! நெசமாவே சுடுது!"

"பார்த்து, பச்சைத் தண்ணி கலந்துக்கோ!"ன்னு நானும் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல எட்டிப் பார்த்து என்னாச்சுன்னு கேட்டா.

"ஒண்ணுமில்ல. எம் பொண்ணு வந்துட்டா"ன்னு சொன்னேன்.