கையைக் குடுங்க தம்பி

நத்தம் ரோட்டில் ஸ்கூட்டரோடு விழுந்த என் மகள், திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாளும் கண் திறக்கவில்லை. நான் சாப்பிடாமல், வெளியே நாற்காலியிலேயே கிடந்தேன். அடுத்த நாற்காலியில் கிறிஸ்தவப் பள்ளியில் வேதபாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மனைவிக்காக வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, ஒரு பக்கம் நூல் கட்டிய கண்ணாடி. பேசுவதற்கு முன் அதைக் கழற்றித் துடைப்பார்.

"பாக்க வர்றவங்க, எல்லாம் நல்லதுக்குத்தான்னு சொல்லிட்டுப் போறாங்க சார்," என்றேன்.

கண்ணாடியைத் துடைத்தார். "அந்தக் காலத்து யூத குரு ஒருத்தர், சீக்காக் கிடந்த சிநேகிதரைப் பாக்கப் போனாரு. 'இந்தக் கஷ்டம் உனக்குப் பிடிச்சிருக்கா?'ன்னாரு. 'இதுவும் வேணாம், இதுக்குக் கிடைக்கிற பலனும் வேணாம்'னாரு சிநேகிதரு."

"அப்படியேவா சொன்னாரு?"

"ஆமாப்பு. குரு புத்தி சொல்லல. கையைக் குடுன்னு தூக்கிவிட்டாரு. பெறகு அந்தக் குருவே படுத்தப்போ, இன்னொருத்தர் வந்துதான் தூக்க வேண்டியிருந்துச்சு."

சிறிது நேரம் கழித்து, "கையைக் குடுங்க தம்பி," என்றார். அவருக்கு முட்டிவலி போல என்று நினைத்து, எழுந்து அவரைத் தூக்கினேன்.

"எந்திரிச்சுட்டீகள்ல? வாங்க, ரெண்டு வாய் சாப்பிட்டு வருவோம்."

மகள் இப்போது நடக்கிறாள். அவர் மனைவிக்கு என்ன என்று அன்று நான் கேட்கவே இல்லை.