ஒரே சஹனில் ஹிரோஷிமா

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புத்தளம் பஸ் நிலையத்தில் இறங்கினேன். வவுனியாவில் விடியுமுன் ஏறி, அனுராதபுரத்தில் பஸ் மாறி வந்த களைப்பு, களப்புக் காற்றில் பறந்துபோயிற்று. ஆசிரிய கலாசாலையில் என்னோடு படித்த ஷிபானாவுக்கு முந்தின நாள் நிக்காஹ். இன்று மாப்பிள்ளையின் ஊரான எத்தாளையில் வலீமா விருந்து.

பத்தரைக்குத் தில்லையடியிலிருந்து பெண்வீட்டாரின் வேன் புறப்பட்டது. என் பக்கத்தில் ஷிபானாவின் சாச்சி, அதாவது சின்னம்மா, ஜெமீலா. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து இங்கே வந்தவர். வழியெல்லாம் பாட்டும் பகிடியுமாக வந்தார். பாலாவிச் சந்தியில் வலப்பக்கம் திரும்பியதும் உப்பளங்கள் கண்ணைக் கூச வைத்தன. பிறகு தென்னந்தோப்புகள், வெங்காயத் தோட்டங்கள், கடற்கரையோரக் காற்றாலைகள்.

ஒரு மணிக்குப் பாய் விரித்து, பெண்களை ஆறு ஆறு பேராக இருத்தினார்கள். நடுவே சஹன்: ஒரே பெரிய தட்டில் நெய்ச்சோறு, மேலே முழுக் கோழி. எனக்கெதிரே மாப்பிள்ளையின் அக்கா மபாஸா.

"டீச்சர் என்ன பாடம்?"

"வரலாறு."

"அப்ப சொல்லுங்க. ஜப்பானுக்கு அணுகுண்டு போட்டது சரியா, பிழையா? எனட மகள் ஸ்கூல் விவாதத்துக்குக் கேட்டுக்கொண்டே இரிக்கிறாள். நான் சரியெண்டுதான் சொன்னன். போட்டாங்க, யுத்தம் முடிஞ்சது."

"ஊரோட எரிச்சா முடியாம என்ன?" என்றார் ஜெமீலா.

மபாஸாவின் கை சோற்றில் நின்றது. "எங்க எல்லாருக்கும் மூத்தவர், எங்கட நானா, இங்கத்த யுத்தத்தின்ட கடைசி வருஷத்திலதான் மவுத்தானார். ஒரு வருஷம் முந்தி முடிஞ்சிருந்தா இண்டைக்கு இந்தப் பந்தலில நிண்டிருப்பார். எப்பிடி முடிஞ்சாலும் பரவாயில்லையெண்டுதான் எனக்கு."

புதுச் சம்பந்தம் முதல் சாப்பாட்டிலேயே முறியப்போகிறதென்று நினைத்து, தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி எழும்பப் பார்த்தேன்.

ஜெமீலா மெதுவாகக் கேட்டார்: "குண்டை எங்க போடுறது மகள்? மன்னாரிலயா? எங்களைப் போகச் சொன்னவன் அங்கதான் இருந்தான். ஒழுங்கை முடியுமட்டும் எனட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டு வந்த பக்கத்து வீட்டு மரியாவும் அங்கதான் இருந்தாள்."

"அப்ப யுத்தம் நீண்டு சாகிறவங்களுக்கு என்ன பதில்?"

ஜெமீலா கோழியின் நெஞ்சுப் பகுதியைப் பிய்த்து மபாஸாவின் பக்கம் வைத்தார். "நானாட பேர் என்ன?"

"ரிஸ்வான்."

ஜெமீலா அந்தப் பெயரைச் சொல்லி, கையேந்தி துஆ கேட்டார். மபாஸா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆனா நான் சொன்னதிலதான் இன்னும் நிக்கிறன், சாச்சி."

"நில்லு. ஆனா இருந்து சாப்பிடு!"

மபாஸாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. எங்கள் பாய் முழுக்கக் குலுங்கியது. பட்டுச் சரசரக்க ஓடிவந்தாள் மணப்பெண். "என்ன சண்டை?"

"ஜப்பானைப் பத்தி," என்றேன்.

"கலியாண வீட்டில ஜப்பானா!" என்று தலையில் கைவைத்தவளை இழுத்து இருத்தி, மபாஸா வட்டிலப்பம் ஊட்டினாள்.

நாலரைக்கு வேன் கிளம்பியபோது, தில்லையடி வரை வருகிறேன் என்று மபாஸாவும் ஏறிக்கொண்டாள். நாகசாகிக்கு இரண்டாவது குண்டு எதற்கு என்று ஜெமீலா தொடங்க, பாலாவி வரை இருவரும் ஓயவில்லை. இடையிடையே பாட்டும் நடந்தது.

எங்கள் வீட்டில் யுத்தத்தைப் பற்றி அம்மா கதையெடுத்தால், தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். வவுனியா பஸ்ஸில் சாய்ந்திருந்தபோது, அடுத்த முறை அடுப்படிக்குப் போகாமல் அம்மாவின் பக்கத்திலேயே இருந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.