பூட்டிய வீடுகள்: இல்லை

அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. மூன்றாம் அட்டவணையில் ‘பூட்டிய வீடுகள்’ என்ற வரிக்கு நேரே ‘இல்லை’ என்றிருக்கும். அதைச் சுற்றி நான் போட்ட சிவப்பு வட்டம் மட்டும் வெளிறிவிட்டது.

ஒரு மருத்துவ ஆய்விதழுக்கு வரும் கட்டுரைகளைப் படித்து, வெளியிடலாமா கூடாதா என்று சொல்லும் வேலையைப் பல வருடம் பார்த்தேன். எழுதியவர் யாரென்று எனக்குச் சொல்லமாட்டார்கள், படித்தவர் யாரென்று அவருக்கும் சொல்லமாட்டார்கள். மருந்துக்கடையில் மாத்திரை அட்டையை நாலு முறை திருப்பிப் பார்க்கும் சந்தேகப் புத்தி எனக்கு. அதற்கேற்ற வேலை.

நான் வட்டம் போட்ட அந்தக் கட்டுரை மலைக் கிராமத்துக் கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றியது. பெயரை மறைத்திருந்தாலும் கல்வராயன் மலை என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. வெள்ளிமலைப் பக்கம் இரண்டு வருடம் டாக்டராக இருந்தவன் நான். கார்த்திகை கழிந்தால் காப்பித் தோட்ட வேலைக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள், தெருவெல்லாம் பூட்டு தொங்கும். இவர்களோ அந்த மாதங்களில் ஒருவரையும் விடாமல் ரத்தம் எடுத்ததாக எழுதியிருந்தார்கள். ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கலாம். நான் கேட்கவில்லை. ‘இந்த மாதங்களில் அங்கே பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். தரவு பொய். ஏற்க வேண்டாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டு, திருடனைப் பிடித்த திருப்தியில் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மறு வருடம் கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், மலையில் என்னோடு வேலை பார்த்த நைனார்பாளையத்து நர்ஸம்மா. பேச்சுவாக்கில், தானும் புதிதாக வந்த டாக்டரம்மாவும் சேர்ந்து செய்த ஆய்வைப் பற்றிச் சொன்னார். நான் பொய்யென்று எழுதிய அதே ஆய்வு.

“வூடு வூடா போனா பூட்டுதான் சார் இருக்கும். அதான் தோட்டத்துக்கு ஆளேத்த மேஸ்திரி வண்டி வர்ற எடத்துலயே விடிகாலைல போய் நின்னுக்கினு, ஏறுறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் பாத்துட்டோம்.”

அதை ஏன் கட்டுரையில் எழுதவில்லை என்று கேட்டேன். ரோட்டோரத்தில் எடுத்தது என்றால் மதிக்கமாட்டார்கள் என்று டாக்டரம்மா பயந்து விட்டுவிட்டாராம். வண்டி ஏறும்போதே தோட்டத்தில் இருக்கும் நாளுக்கெல்லாம் சேர்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தனுப்ப வேண்டும், அவர்கள் கேட்டது அவ்வளவுதான். கட்டுரை அச்சில் வந்தால் பார்க்கலாம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தாராம். வரவில்லை. அந்த வருடமும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் மாத்திரை இல்லாமல்தான் வண்டி ஏறினார்கள்.

“அந்த மாசத்துல பாதி வூடு பூட்டிக் கெடக்கும், இது பொய்யின்னு எவனோ ஒருத்தன் எழுதிட்டான் சார். பேரு இன்னான்னு கேட்டா சொல்லமாட்டாங்களாம்.”

நான் இலையை மூடினேன். பெயரைச் சொல்லக் கூடாது என்பது விதி. விதி இல்லாவிட்டாலும் எனக்கு வாய் வந்திருக்காது. கை கழுவும் இடத்தில் அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

“மலையில எந்த மாசம் பூட்டு தொங்கும்னு தெரிஞ்ச ஆளுதான் சார் அது. அங்க இருந்தவரு யாரோ.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இதழாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும். கோழை, எழுதவில்லை. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்த வட்டம் கண்ணில் படுகிறது. நர்ஸம்மாவுக்குத் தெரிந்துவிட்டதோ என்று முன்பெல்லாம் பயந்தேன். இப்போது, தெரிந்திருந்தால் நல்லது என்று நினைக்கிறேன்.