பாலித்தீன் பிரிக்காத நாற்காலி

எங்கள் பள்ளி ஆய்வகத்தின் மூலையில், உடைந்த தராசுகளுக்குப் பக்கத்தில், ஒரு சக்கர நாற்காலி நிற்கிறது. இருக்கையில் சுற்றி வந்த பாலித்தீனை இன்னும் யாரும் பிரிக்கவில்லை. போன உள்ளாட்சித் தேர்தலுக்காக அனுப்பினார்கள். திரும்ப எடுத்துப்போக யாரும் வரவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பழைய தலைமையாசிரியர் நினைவுக்கு வருவார். கூடவே அருவருப்பும் வரும்.

அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. வாட்ச்மேனிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வரைக்கும் எல்லோருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சட்டை மடிப்புக் கலையாது, கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அந்த மரியாதையை நம்பி முதல் வருடம் நானும் ஏமாந்தேன். கத்துகிற மனிதரிடம் திருப்பிக் கத்தலாம். இவரிடம் என்ன செய்வது?

அந்தத் தேர்தலில் முதியவர்களுக்கு உதவ மாணவர்கள் பத்துப் பேரைக் கேட்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நான் வகுப்பாசிரியராக இருந்த பன்னிரண்டாம் வகுப்பில் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். மஞ்சள் காமாலையில் இரண்டு மாதம் படுத்ததில் அவளுடைய வருகை நாட்கள் விளிம்பில் நின்றன. இனி ஒரு நாள் குறைந்தாலும் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வராது. வியாழன் பயிற்சி, வெள்ளி வாக்குச்சாவடி ஏற்பாடு, சனி வாக்குப்பதிவு. முதல் இரண்டும் பள்ளி நாட்கள்.

"எனக்கு லீவு விழாதுங்களா டீச்சர்? ஓ.டி. தருவாங்களா?" என்று கேட்டாள். ஓ.டி. என்றால் பணியில் இருந்ததாகக் கணக்கு, பள்ளிக்கு வந்ததற்குச் சமம்.

"தருவாங்கம்மா. நான் இருக்கேன்ல" என்றேன்.

வாக்குச்சாவடி மேட்டில் இருந்த பழைய சமுதாயக்கூடம். நாற்பது படிகள், சரிவுப்பாதை கிடையாது. சக்கர நாற்காலியை வைத்துக்கொண்டு படியில் என்ன செய்வது என்று அதை அனுப்பியவர்கள் யாரும் யோசிக்கவில்லை. அது கீழேயே நின்றது. சனிக்கிழமை காலை ஜீப்பில் நான்கு பிள்ளைகள் வந்து இறங்கினார்கள்; அதில் ஒருத்தி தலைமையாசிரியரின் மகள், ஒருவன் பள்ளிக் கமிட்டிக்காரரின் மகன். நாற்காலியின் பிடியை மாறி மாறிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, அதே ஜீப்பில் போய்விட்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

என் வகுப்புப் பெண்ணும் அவள் தோழிகளும் சாயங்காலம் வரை சிவப்பு பிளாஸ்டிக் சேரில் வைத்து மனிதர்களைத் தூக்கினார்கள். மூடுபனியில் படியெல்லாம் வழுக்கியது. பதினொரு மணிவாக்கில் தலைமையாசிரியர் தன் அம்மாவைக் கூட்டிவந்தார். கால் வீங்கிய கனத்த உடம்பு. முன்னால் இருவர், பின்னால் இருவர். பின்னால் கனம் முழுவதையும் வாங்கியவள் அவள்தான். அவர் பக்கத்தில் குடை பிடித்தபடி, "பாத்துத் தூக்குங்கம்மா, பாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினார். மேலே போனதும் அவளைப் பார்த்து, "நல்லா இருப்பீங்க" என்றார்.

திங்கட்கிழமை ஓ.டி. பட்டியல் வந்தது. நான் கொடுத்த பத்துப் பெயர்களில் நான்கை நீக்கிவிட்டு, ஜீப்பில் வந்த நால்வரைத் தலைமையாசிரியர் சேர்த்திருந்தார். கல்லூரியில் சேரும்போது தேர்தல் பணி செய்த சான்றிதழ் உதவுமாம். நீக்கிய பெயர்களில் அவள் பெயரும் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"பேப்பர்ல இருக்கோணுமுங்க டீச்சர். பேப்பர்ல இல்லீன்னா வந்த மாதிரி இல்லீங்க" என்றார்.

உங்கள் அம்மாவைத் தூக்கியது யார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோயம்புத்தூருக்கு மாறுதல் கேட்டு நான் கொடுத்த மனு, அவர் கையெழுத்துக்காக அதே மேசையில் கிடந்தது. வகுப்புக்குத் திரும்பி, பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வியாழன், வெள்ளிக்குக் காலியாக விட்டிருந்த இரண்டு கட்டங்களிலும் என் கையால் சிவப்பு மையில் ஆப்சென்ட் போட்டேன்.

மற்றவர்களுக்கு ஹால் டிக்கெட் வந்து அவளுக்கு வராத அன்று அவளுடைய அம்மா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். தலைமையாசிரியர் அவரை உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், விதியைப் பொறுமையாக விளக்கினார். அந்த அம்மா டீயைத் தொடவில்லை. அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் அங்கதானே நின்னீங்க டீச்சர்?"

நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க எதுவும் இல்லை. அவள் அந்த வருடம் பரீட்சை எழுதவில்லை. ஜூன் மாதம் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேன் ஏறினாள் என்று அவள் தோழிகள் சொன்னார்கள்.

தலைமையாசிரியர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். வாழ்த்துரையில் நானும் நான்கு வார்த்தை நல்லதாகவே பேசினேன். மாறுதல் கிடைக்கவே இல்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் அருவருப்பில் எவ்வளவு அவருக்குரியது, எவ்வளவு எனக்குரியது என்று பிரித்துப் பார்க்க நான் இதுவரை துணியவில்லை.

இப்போது மறுபடியும் தேர்தல். மறுபடியும் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். நேற்று ஆய்வகத்தில் அந்த நாற்காலிக்குத் தூசி தட்டிக்கொண்டே பிள்ளைகளிடம் விஷயத்தைச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, ஓ.டி. தருவார்களா என்று கேட்டாள்.

"தருவாங்கம்மா" என்றேன். யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது.