எண்பத்தெட்டுக்காரனைப் பின்தொடர்ந்த புதன்கிழமை

ஒருவன் உண்மையைச் சொன்னதாலேயே ஏமாந்துபோன முட்டாள் ரொறன்ரோவில் என்னைவிட வேறு யாரும் இருந்தால் தெரியப்படுத்துங்கள், சங்கம் அமைப்போம். தலைவர் பதவியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கப் போகும் பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். அதற்குப் புள்ளிகள் மட்டும் போதாது. மனிதர்கள்மேல் அக்கறை உள்ளவன் என்று காட்ட, எங்காவது சம்பளமில்லாமல் வேலை செய்து கடிதமும் வாங்க வேண்டும். எனக்கு மனிதர்கள்மேல் அக்கறை இருக்கத்தான் செய்தது. குறிப்பாக ஒருவன்மேல்.

அவன் அஜின்கோர்ட்டில் எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி இருந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வந்த அதே வருடம் வந்த குடும்பம். ஒரே வகுப்புகள்; ஆய்வுகூட வகுப்பான லாப் மட்டும் எனக்குப் புதன் பின்னேரம், அவனுக்கு வியாழன். ஓர்கானிக் கெமிஸ்ற்றி முதல் பரீட்சையில் எனக்கு ஐம்பத்தொன்று. அவனுக்கு எண்பத்தெட்டு. அதையாவது பொறுத்திருப்பேன். அவன் அந்தச் சம்பளமில்லாத வொலன்ரியர் வேலையும் செய்தான், வகுப்புக்கு நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய முகத்தோடும் வந்தான். என் கண்ணுக்குக் கீழே கரிக்கோடு. என்னால் தாங்க முடியாமல் போனது அந்த முகம்தான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்கு முன் படித்தேன் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. புத்தகத்தை மூன்று தரம் கரைத்துக் குடித்தவனும் "ஐயோ, ஒண்டும் பாக்கேல்லை மச்சான்" என்று தலையில் கைவைத்தபடிதான் மண்டபத்துக்குள் போவான். எந்த ஆசிரியரிடம் ரியூசன் எடுக்கிறான் என்பது அவன் வீட்டு நாய்க்குக்கூடத் தெரியாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி நான் கொண்டுவந்த மிளகாய்த்தூளைப் பிடித்தார். கூடவே வந்த இந்த வழக்கத்தை அவர் பிடிக்கவில்லை. ஆகவே, யார் எதைச் சொன்னாலும் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் நான் விளங்கிக்கொள்வேன்.

"வொலன்ரியருக்கு எங்கையடா போறனி?" என்று ஒருநாள் அவனைக் கேட்டேன்.

"வயசுபோன ஆக்களின்ர இல்லம் ஒண்டுக்கு. புதன்கிழமையில பின்னேரச் சாப்பாடு தீத்திறன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"அப்ப எப்ப படிக்கிறனி?"

"அங்கதான்."

சாப்பாடு தீத்துகிறானாம், கரண்டியால் ஊட்டிவிடுகிறானாம். அங்கேயே படிக்கிறானாம். எண்பத்தெட்டு எடுக்கிறவன் பொய்யையாவது கொஞ்சம் கவனமாகச் சொல்லக் கூடாதா? எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது: எங்கோ ஒரு பெரிய சத்திரசிகிச்சை நிபுணரின் ஆராய்ச்சிக்கூடத்தில் எலி வெட்டுகிறான். நாளைக்கு அவன் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரையில் வரும். அந்த இடத்தை எனக்குக் காட்டாமல் முதியோர் இல்லக் கதை விடுகிறான்.

றிச்மண்ட் ஹில் கோயிலில் அவன் தாயைக் கண்டுவிட்டு வந்த அம்மா, எரிகிறதில் கொஞ்சம் எண்ணெயும் விட்டார்.

"பெடியன் பத்து மணிக்கே படுத்திடுவானாம். தாய் சொல்லுறா."

"பொய் அம்மா."

"கோயிலுக்குள்ள நிண்டு பொய் சொல்லுவாவே?"

"என்ர மார்க்ஸைக் கேட்டவவே?"

"ஓம்."

"என்ன சொன்னனீங்கள்?"

"எழுபத்தஞ்சு எண்டு." அம்மா கறிச்சட்டியை மும்முரமாகக் கிளறத் தொடங்கினார்.

அவனிடம் ஒரு இடம் என்றால் என்னிடம் மூன்று இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன். திங்கள் மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளினேன். வெள்ளி இரத்ததான முகாமில் பழரசமும் பிஸ்கட்டும் நீட்டினேன். சனி நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். படிப்பு பஸ்ஸுக்குள். அதாவது, புத்தகம் மடியில் திறந்திருக்க, நான் கடைசித் தரிப்புவரை நித்திரை. ஒரு திங்கட்கிழமை கார்பன் சங்கிலிகளை மனதுக்குள் கோத்தபடி தள்ளிக்கொண்டு போய், முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்க வந்த மனிதரைப் பிரசவப் பகுதியில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் நல்ல மனிதர். குழந்தைகளைப் பார்த்துவிட்டே போகலாம் என்றார்.

வொலன்ரியர் மணித்தியாலங்களில் நான் அவனை எங்கோ பின்னால் விட்டுவிட்டேன். இரண்டாவது பரீட்சையில் எனக்கு நாற்பத்தொன்பது, அவனுக்குத் தொண்ணூற்றொன்று. விழுந்துகிடந்த என்னைத் தாங்கிப் பிடித்திருந்தது லாப் புள்ளி ஒன்றுதான். காரணமில்லாமல் ஒரு லாபுக்கு வராவிட்டால் பூச்சியம். எனக்கு ஒரு பூச்சியம் விழுந்தால் அந்தப் பாடமே போய்விடும். பாடம் போனால் விண்ணப்பத்தை அனுப்பத் தேவையில்லை, வீட்டிலேயே கிழிக்கலாம்.

"தொண்ணூற்றொண்டு எப்பிடியடா?" என்றேன்.

"தீத்தேக்க பாத்ததுதான்."

இதற்குமேல் ஒரு மனிதன் எவ்வளவு பொறுப்பான்?

அடுத்த புதன்கிழமை. பாதுகாப்புக் கண்ணாடியும் லாப் கோட்டும் பைக்குள் இருந்தன. லாப் கதவின் கைப்பிடியில் என் கை. யன்னலுக்கு வெளியே அவன் பனியில் நடந்துபோவது தெரிந்தது. உள்ளே போ என்று புத்தி சொன்னது. எரிச்சலுக்குக் கால்கள் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன். அவை என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கின.

பெப்ரவரி ரொறன்ரோவில் ஒற்றுவேலை சுலபம். தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டால் ஊரில் எல்லோருமே ஒற்றர்கள்தான். தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் அவன் முன்னால், நான் கடைசியில். இறங்கினான், இறங்கினேன். பத்திரிகைப் பெட்டி ஒன்றுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்தபடி நின்றேன். மீதிப் பாதியை யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன். இரண்டு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றுக்குள் அவன் போனான். நூறுவரை எண்ணிவிட்டு, எலிகளை எதிர்பார்த்து நானும் உள்ளே போனேன்.

அவித்த மரக்கறி மணம். வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னைக் கண்டதும், கடைசியில் வந்துவிட்டாயா என்று மகிழ்ந்து எழும்பினார். அன்று புது வொலன்ரியர் ஒருவர் வரவேண்டியிருந்ததாம். உடனடியாகப் பொய் சொல்லும் அளவுக்கு என் ஆங்கிலம் அப்போது வளரவில்லை. தலையாட்டினேன். இரண்டு நிமிடத்தில் கழுத்தில் ஏப்ரன், ஒரு கையில் மசித்த கரட், மறு கையில் கரண்டி, எதிரில் வெள்ளைக்காரக் கிழவி ஒருவர்.

அடுத்த மேசையில், எனக்கு முதுகு காட்டியபடி அவன். ஒரு மூதாட்டிக்குச் சாப்பாடு தீத்திக்கொண்டிருந்தான்.

ஒரு வாய் கொடுப்பான். மூதாட்டி அதை ஆற அமரச் சப்புவார். அதற்குள் அவன் சட்டைப்பையிலிருந்து சிறிய அட்டை ஒன்றை எடுப்பான், பார்ப்பான், திருப்புவான், கூரையைப் பார்த்து உதட்டை அசைப்பான். அட்டை உள்ளே போகும், அடுத்த கரண்டி வெளியே வரும். ஒரு வாய்க்கு ஒரு இரசாயனத் தாக்கம். புடிங் வருவதற்குள் ஒரு அத்தியாயத்தையே முடித்துவிட்டான். பாவி, சொன்னது சொல்லுக்குச் சொல் அப்படியே.

என் கிழவி வாயைத் திறக்கவில்லை. நான் என் வாயைத் திறந்து "ஆ" காட்டினேன். அவர் என்னை வாய்மொழிப் பரீட்சை வைப்பவர்போலப் பார்த்துவிட்டு, மெல்லக் கையை உயர்த்தி அவனைச் சுட்டிக் காட்டினார். அவன் வேண்டுமாம். புள்ளிக்கு எரிந்திருக்கிறேன், நித்திரைக்கு எரிந்திருக்கிறேன்; நாலு பல் உள்ள ஒரு வாய்க்காக எரிவேன் என்று நினைக்கவில்லை.

அவன் திரும்பினான். என்னைக் கண்டும் பெரிதாகத் திகைக்கவில்லை. வந்து என் கையிலிருந்த கரண்டியை வாங்கினான். கிழவியின் வாய் தானாகத் திறந்தது.

"இடப்பக்கத்தால குடுக்கோணும். மற்றப் பக்கம் அவவுக்கு நோகும்," என்றான். பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "உனக்கு இண்டைக்கு லாப் எல்லே?"

"ஓம்."

"போகேல்லையோ?"

"இல்லை."

"விசரா! பூச்சியம் போடுவாங்களடா. கோர்ஸே போகும்."

"போயிட்டுது."

அவன் கரண்டி அந்தரத்தில் நின்றது. கிழவி வாயைத் திறந்தபடி காத்திருந்தார். இவ்வளவு நாள் எனக்குள் கிடந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"எல்லாம் உன்னாலதான். நீ உண்மையா எங்க போறாய் எண்டு பாக்கத்தான் வந்தனான். இப்பிடி ஒரு இடம் இருக்கெண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?"

அவன் கிண்ணத்தின் ஓரத்தை வழித்தான்.

"சொன்னனான்தானே."